ஸ்பெர்மின் போட்டீங்களா?

எலி மூளையை 300 மைக்ரோமீட்டர் கனத்துக்குச் சீவி, அந்தச் சீவலில் உள்ள ஒற்றை நரம்பணுவைக் கண்ணாடிப் பிப்பெட்டால் பிடித்து, அதில் ஓடும் மின்னோட்டத்தை அளப்பது என் வேலை. பேட்ச் கிளாம்ப் என்பார்கள். சீவல் உயிரோடு இருக்கும் சில மணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். நல்ல நாளில் ஐந்தாறு அணுக்கள் கிடைக்கும். கெட்ட நாளில் முதுகுவலி மட்டும்தான்.

சேர்ந்த புதிதில் எனக்கு ஒதுக்கிய கேள்வி இது: கொக்கெய்னுக்குப் பழகிய எலியின் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸில், அதாவது வெகுமதியைத் தேடவைக்கும் மூளைப் பகுதியில், நரம்பணுக்கள் அனுப்பும் குளூட்டமேட் என்ற வேதிச்செய்தியைப் பிடிக்கும் ஏற்பிகள் என்ன ஆகின்றன? போதை என்றால் டோபமைன் என்று மட்டுமே படித்துவிட்டு வந்திருந்தேன். அது பொய்யில்லை, சுரந்த டோபமைனை அணுக்கள் திரும்ப உறிஞ்சவிடாமல் கொக்கெய்ன் தடுக்கிறது. ஆனால் அந்த வெள்ளம் சீக்கிரம் வடிந்துவிடும். நரம்பு இணைப்புகளில் ஏற்படும் மாற்றம் அப்படி வடிவதில்லை, அங்கே பேச்சுவார்த்தை பெரும்பாலும் குளூட்டமேட் மூலம்தான். ஒரே ஒரு ஊசி கொக்கெய்ன் போட்டாலே டோபமைன் அணுக்களின் இணைப்புகளில் ஆம்பா என்ற வகை குளூட்டமேட் ஏற்பிகளின் கை ஓங்குகிறது, 5 நாள் கழித்தும் அது அப்படியே இருக்கிறது என்று 2001-லேயே காட்டியிருந்தார்கள். 10-ஆம் நாள் பார்த்தபோது அது இல்லை. சரி, பல நாள் பழகிய மூளையில்?

எங்கள் எலிகள் நெம்புகோலை அழுத்தித் தாமே கொக்கெய்ன் எடுத்துக்கொள்பவை. ஒரு நாளைக்கு 6 மணி நேரம், 10 நாள். அப்புறம் நிறுத்திவிடுவோம், கூண்டில் சும்மா இருக்கும். நிறுத்திய மறுநாளே மூளையை எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குத் துடிப்பு. பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. விஷயமெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் சும்மா இருந்த எலிகளில்தான்.

சாதாரணமாக ஆம்பா ஏற்பி நான்கு துண்டுகள் சேர்ந்தது. அவற்றில் குளூஏ2 என்ற துண்டு இருந்தால் கால்சியம் உள்ளே நுழைய முடியாது. காத்திருந்த எலிகளின் இணைப்புகளில் அந்தத் துண்டு இல்லாத ஏற்பிகள் வந்து சேர்ந்திருக்கும். கால்சியம் உள்ளே வரும், மின்னோட்டமும் பெரிது, வழக்கமான சிக்னலுக்கே அணு உரத்துப் பதில் சொல்லும். 2008-ல் வெளியான முடிவு இது. அதை எங்கள் கருவியில் மறுபடி வரவைப்பதுதான் என் முதல் வேலை.

வரவில்லை.

இந்த ஏற்பியைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அணுவை மைனஸ் 70 மில்லிவோல்ட்டில் வைத்தால் மின்னோட்டம் தாராளமாகப் பாயும். பிளஸ் 40-க்குக் கொண்டுபோனால், அணுவுக்குள் இருக்கும் ஸ்பெர்மின் என்ற மூலக்கூறு ஏற்பியின் துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். மின்னழுத்தம் கூடக் கூட மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்று காட்டும் வரைபடம் நேராக ஏறாமல் பாதியில் படுத்துவிடும். என் வரைபடங்களோ ஸ்கேல் வைத்து இழுத்த கோடுகள். மூன்று வாரம் இப்படியே போனது. எலிகளைச் சந்தேகித்தேன், நெம்புகோலைச் சந்தேகித்தேன், கடைசியில் 2008 கட்டுரையையே சந்தேகித்தேன்.

பக்கத்து மேசையில் இருந்த மூத்தவர் ஒருநாள் என் திரையை எட்டிப் பார்த்தார். "பிப்பெட் திரவத்துல ஸ்பெர்மின் போட்டீங்களா?"

போடவில்லை. பிப்பெட் அணுவுக்குள் திறந்ததும் அணுவின் சொந்த ஸ்பெர்மின் கரைந்து வெளியே போய்விடும். நாம் ஈடு செய்யாவிட்டால் துளையை அடைக்க எதுவும் இருக்காது. 0.1 மில்லிமோலார் என்று குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருந்தது! எலிகளின் மூளை மாறித்தான் இருந்தது, அந்தத் தடயத்தைத் தினமும் கழுவிவிட்டவன் நான். அத்தனை எலிகளும் வீண். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அடுத்த தொகுதி எலிகளுக்காக மறுபடி ஒன்றரை மாதம் காத்திருந்தேன். இந்த முறை கோடு வளைந்தது.

இப்படிக் காத்திருந்த எலிகளை மூளையை எடுக்காமல் நெம்புகோலுக்கு முன் விட்டால், கொக்கெய்னோடு முன்பு எரிந்த விளக்கைப் பார்த்ததும், நிறுத்திய மறுநாள் அழுத்தியதைவிட அதிகமாக அழுத்தும். நாளாக ஆகத் தேடல் கூடுகிறது. அக்கம்பென்ஸில் இந்தப் புது ஏற்பிகளை மட்டும் அடைத்தால் தேடல் குறைகிறது. எனக்கு இன்னும் விளங்காத வேடிக்கை ஒன்றும் உண்டு: கொக்கெய்னை விட்டிருந்த எலிக்கு மீண்டும் ஓர் ஊசி போட்டால், மறுநாள் அணுவின் மேற்பரப்பில் ஆம்பா ஏற்பிகள் குறைந்துவிடுகின்றன.

ஆய்வகத்தைப் பார்க்க வந்த ஒருவர் தன் தம்பியைப் பற்றிக் கேட்டார். "விட்டு ஒரு மாசம் ஆகிடுச்சு. இனி பயமில்லைதானே?" மனித மூளைக்குள் நான் பிப்பெட் விட்டதில்லை என்றுதான் ஆரம்பித்தேன். அப்புறம் 2016-ல் வந்த ஆய்வைச் சொன்னேன். கொக்கெய்னை விட்டவர்களுக்கு அது சம்பந்தமான படங்களைக் காட்டி மூளை அலைகளை அளந்திருந்தார்கள். ஆசை குறைந்துவிட்டது என்று அவர்களே சொன்ன காலத்திலும் மூளையின் பதில் கூடிக்கொண்டிருந்தது. 1 மாதத்திலிருந்து 6 மாதம் வரை உச்சத்தில் இருந்து, 1 வருடத்தில்தான் தணிந்தது.

"ஆறு மாசமா?" என்று கேட்டுவிட்டு, போனில் காலண்டரைத் திறந்து விரலால் நகர்த்திக்கொண்டே போனார்.