மடகாஸ்கருக்குப் புறப்படும் முன்

மடகாஸ்கர் செல்வது என்று முடிவானதும், எந்த மாதத்தில் போவது என்பதை முடிவு செய்யவே எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது. நடுமேட்டு நிலத்தின் மெரினா, பெட்சிலேயோ மக்கள் முன்னோரின் உடல்களைக் கல்லறையிலிருந்து வெளியே எடுத்து, புதிய துணி சுற்றி, ஆடிப்பாடி மீண்டும் உள்ளே வைக்கும் ஃபமடிஹானா சடங்கு ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட குளிர்காலத்தில் நடைபெறுகிறது. காடோ அதற்குப் பிறகுதான் களைகட்டுகிறது. வெயில் ஏற ஏற, குளிரில் ஒடுங்கியிருந்த பச்சோந்திகளும் தவளைகளும் வெளிவரத் தொடங்கும். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலமாதலால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சடங்குக்கும் காட்டுக்கும் ஓரளவு இடம் தரும் செப்டம்பரையே தேர்ந்தெடுத்தோம்.

தீவுதானே, ஒரு சுற்று சுற்றிவிடலாம் என்ற நினைப்பு வரைபடத்தை விரித்தவுடன் கலைந்துவிடும். தமிழ்நாட்டைப் போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட பரப்பு; சாலைகளோ மோசம். மொரொண்டாவா அருகிலுள்ள பாவோபாப் மரச்சாலையை மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு பட்டியலிலிருந்து நீக்கினேன். தலைநகர் அன்டனனரிவோவிலிருந்து கிழக்கே அண்டசிபே மழைக்காடு, பிறகு தெற்கே ஏழாம் எண் தேசியச் சாலை வழியாக நடுமேட்டு நகரமான அன்ட்சிராபே, மழைக்காட்டுப் பூங்காவான ரனோமஃபானா ஆகியவை போதும் என்று தீர்மானித்தோம்.

இதற்காகப் படித்தவற்றில் என்னை அதிகம் ஈர்த்தது, ‘ஃபாடி’ எனப்படும் விலக்குகளைப் பற்றிய பகுதிதான். ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும் இந்த விலக்குகளே பல இடங்களில் விலங்குகளின் தலைவிதியையும் தீர்மானிக்கின்றன. குரங்குக்கு உறவான லெமூர் விலங்குகளில் மிகப் பெரியதான இந்திரியை மனிதனின் மூதாதை உறவாகக் கருதுவதால், அண்டசிபே வட்டாரத்தில் அதை வேட்டையாடுவது காலங்காலமாக விலக்கப்பட்டிருக்கிறது. வளர்ப்பிடங்களில் பிழைக்காத விலங்காதலால், அதன் ஓலத்தை அந்தக் காட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். மாறாக, நீண்ட மெல்லிய நடுவிரலால் மரத்தைத் தட்டிப் புழுவைத் தேடும் ஐ-ஐ என்ற லெமூர், கெட்ட சகுனமென்று பல ஊர்களில் கண்ட இடத்திலேயே கொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே காட்டை ஒரு நாளும் மக்களை மறுநாளும் பார்ப்பதுபோல் பயணத்தைப் பிரித்துத் திட்டமிடுவதில் பொருளில்லை என்று எனக்குத் தோன்றியது. கல்லறையை நோக்கி விரல் நீட்டக் கூடாது, மடக்கிய விரலால்தான் காட்ட வேண்டும் என்று படித்ததிலிருந்து, தெருவில் யாராவது வழி கேட்டாலும் விரலை மடக்கிக் காட்டிப் பழகுகிறேன். வீட்டில் இது கேலிப்பொருளாகிவிட்டது.

பயணப்பையில் முதலில் ஏறியது கம்பளிச் சட்டை. வெப்பமண்டலத் தீவுக்கு அது எதற்கு என்று கேட்பவர்களுக்கு, அன்ட்சிராபே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதே பதில். மழைக்காட்டு அட்டைகளுக்கு நீண்ட காலுறை, இரவு நடைக்குத் தலையில் மாட்டும் விளக்கு ஆகியவையும் உண்டு. தேசியப் பூங்காக்களுக்குள் இரவில் செல்ல அனுமதியில்லை. வெளியே சாலையோரத்திலும் ஊர்மக்கள் பராமரிக்கும் காடுகளிலும்தான் நடக்கலாம். பகலில் பூங்காவுக்குள் செல்ல உள்ளூர் வழிகாட்டி கட்டாயம். சிற்றூர்களில் வங்கி அட்டை செல்லாது என்பதால், அந்நாட்டுப் பணமான அரியாரி நோட்டுகளைத் தலைநகரிலேயே மாற்றிக்கொள்வது நல்லது.

மடகாஸ்கரில் மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரைக்கு மருத்துவரைப் பார்த்தாயிற்று. மஞ்சள் காய்ச்சல் அந்நாட்டில் இல்லையென்றாலும், எங்கள் விமானம் அந்நோய் உள்ள எத்தியோப்பியா வழியாகச் செல்வதால், திரும்பி வரும்போது சிக்கல் வேண்டாமென்று கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தடுப்பூசி போட்டுக்கொள்கிறோம். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட முடியாது.

ஃபமடிஹானாவுக்கு முன்பதிவு என்று எதுவும் கிடையாது. நாளைக் குடும்பத்தார் சோதிடரைக் கேட்டுத்தான் குறிக்கிறார்கள். சில பயண முகவர்கள் அதையும் காட்சிப்பொருளாக்கி விற்க முன்வந்தார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. அன்ட்சிராபேயில் திட்டம் எதுவுமின்றி இரண்டொரு நாளைக் காலியாக விட்டிருக்கிறோம். வழிகாட்டி மூலம் ஏதேனும் குடும்பம் அழைத்தால், சடங்குச் செலவுக்குக் கொடுக்க ஓர் உறையில் பணத்துடன் செல்வோம். அழைப்பு வராவிட்டால் ரனோமஃபானாவுக்கு முன்கூட்டியே கிளம்பிவிடுவோம்.