13 அலுமினிய அணுக்களும் ஒரு எலக்ட்ரானும்

சோடியம் ஆவியைக் குளிரவைத்தால் அணுக்கள் சின்னச் சின்னக் கொத்துகளாகச் சேரும். அவற்றை எடைவாரியாகப் பிரித்தால் 8, 20, 40, 58 அணுக்கள் கொண்ட கொத்துகள் தூக்கலாகத் தெரியும். 1984-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் இயற்பியலாளர் வால்டர் நைட் குழு இதைக் காட்டியது.

காரணம் எலக்ட்ரான்கள்தான். ஒவ்வொரு சோடியமும் தன் இணைதிறன் எலக்ட்ரானை, அதாவது வெளிக்கூட்டில் இருக்கும் ஒற்றை எலக்ட்ரானை, பொதுவில் விடுகிறது. அந்த எலக்ட்ரான்கள் கொத்து முழுவதையும் ஒரே பெரிய அணுபோலப் பாவித்து, அதன் கூடுகளை (எலக்ட்ரான் அடுக்குகளை) நிரப்புகின்றன. முதலில் 2, அப்புறம் 6, ஆக 8. மேலும் 12 சேர்ந்தால் 20. கூடு நிரம்பினால் நிலைப்பு. மந்த வாயுக்களின் அதே கதை.

எனக்கு ரொம்பப் பிடித்தது அலுமினியக் கொத்து. 13 அணுக்கள், ஆளுக்கு 3 எலக்ட்ரான், மொத்தம் 39. நாற்பதுக்கு ஒன்று குறைகிறது! அதனால் கிட்டத்தட்ட குளோரின் அளவுக்கே எலக்ட்ரானுக்கு ஆசைப்படுகிறது. அது கிடைத்து எதிரயனி (எதிர் மின்சுமை கொண்ட கொத்து) ஆனதும், ஆக்சிஜன் வந்தாலும் அசைவதில்லை. சாதாரண அலுமினியமோ காற்றுப் பட்டதுமே ஆக்சைடு போர்த்திக்கொள்ளும். நடுவில் ஒன்று, சுற்றிலும் 12 என்ற கச்சிதமான வடிவமும் இதற்குத் துணை.

இரும்பு, கோபால்ட் பக்கம் போனால் மட்டும் இந்த எளிய கணக்கு சரியாக எடுபடாது. அங்கே டி-எலக்ட்ரான்கள் (அணுவின் 'டி' வகை உட்கூட்டில் இருப்பவை) ஆட்டத்தைக் கலைத்துவிடும்.