மேடைக்கு முதுகு காட்டி நின்ற இரவுகள்

லண்டனுக்குப் படிக்க வந்த ஆறாவது மாதம் ஒரு ஏஜென்சி மூலமாக ஸ்டூவர்ட் வேலைக்குச் சேர்ந்தேன். பெரிய அரங்குகளில் மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நிற்பார்களே, டிக்கெட் பார்த்து இருக்கை காட்டுவது, படிக்கட்டில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்வது, யாராவது மயங்கி விழுந்தால் ரேடியோவில் மருத்துவக் குழுவைக் கூப்பிடுவது, அந்த வேலைதான். முதல் நாளே சொல்லித் தந்த விஷயம், கச்சேரி நடக்கும்போது மேடையைப் பார்க்கக் கூடாது, கூட்டத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். அதனால் ஊரே காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களை நான் பெரும்பாலும் கேட்டிருக்கிறேனே தவிர பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் கேட்பவர்களின் முகங்களை.

ராக் இசையோடு வளர்ந்தவன் இல்லை நான். திருச்சியில் தாத்தாவோடு சபா கச்சேரிகளுக்குப் போய்ப் பழகிய காது. அதனாலோ என்னவோ, எழுபது எண்பது வயதுப் பாடகர்களின் இரவுகள் வந்தால் நானே கேட்டு அந்த ஷிஃப்டை வாங்கிக்கொள்வேன். வயதான வித்வான் சுருதியை இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மேல் ஸ்தாயி வரும்போது பின்னால் இருக்கும் சிஷ்யர் அதைத் தாங்கிப் பிடிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். இங்கே யார் தாங்குகிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தேன்.

2022 மார்ச் 26, ஓ2 அரங்கம், ஜெனசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கடைசிக் கச்சேரி. கொரோனாவால் திரும்பத் திரும்பத் தள்ளிப்போன பயணத்தின் கடைசி இரவு. குழுவின் பாடகர் ஃபில் காலின்ஸுக்கு அப்போது 71 வயது. டிரம்ஸ் வாசித்தே பெயர் வாங்கிய மனிதர், முதுகுத்தண்டும் நரம்புகளும் கெட்டுப்போய்க் குச்சியைச் சரியாகப் பிடிக்கக்கூட முடியாத நிலைக்கு வந்துவிட்டார். கைத்தடியோடு நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். அவர் வாசிக்க வேண்டிய டிரம்ஸில் அவருடைய மகன் நிக், வயது 20. பின்பாட்டுக்கு இரண்டு பேர். பாட்டுகளின் சுருதியையும் இறக்கியிருந்தார்கள்.

என் பிளாக்கில் அறுபதைத் தாண்டிய ஆண்கள்தான் அதிகம், பழைய பயணங்களின் டி-ஷர்ட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டு வந்தவர்கள். முதல் பாட்டு முழுக்க அந்த முகங்கள் ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்க்கப் போனவர்களின் முகங்கள் மாதிரி இறுகிக் கிடந்தன. அந்த நாற்காலியை அவர்கள் எதிர்பார்த்துத்தான் வந்திருப்பார்கள், ஆனாலும் கண்ணால் பார்க்கும்போது வேறு. மூன்றாவது நான்காவது பாட்டில் ஏதோ தளர்ந்தது. மகன் வாசிப்பு அதற்கு ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன், எனக்கு முன்னால் இருந்தவர்களின் கண்கள் டிரம்ஸுக்கும் நாற்காலிக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தன, அப்பாவின் கை அங்கே, அப்பா இங்கே. 1975ல் குழுவை விட்டுப் போன முதல் பாடகர் பீட்டர் கேப்ரியல் அன்று கூட்டத்தோடு கூட்டமாக வந்து உட்கார்ந்திருந்தார். இனிமேல் நாங்கள் எல்லோரும் ஒழுங்கான வேலை தேட வேண்டியதுதான் என்று காலின்ஸ் மைக்கில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே ஒருவர் கண்ணைத் துடைத்தார். அன்றைக்கு இரவு கண்ணைத் துடைத்த அந்த மனிதரைப் படிக்கட்டில் கையைப் பிடித்து இறக்கிவிட்டது நான்தான். 400ஆம் எண் வரிசைகளின் படிகள் செங்குத்தானவை, ஏறும்போது தெரியாத வயது இறங்கும்போது தெரியும்.

ரோலிங் ஸ்டோன்ஸ் இதற்கு நேர் எதிர். அதே வருடம் ஜூன் 25, ஹைட் பார்க், நான் மேடைக்கு முன்னால் இருக்கும் தடுப்புக்கு உள்ளே நின்று தண்ணீர்க் கோப்பைகளை நீட்டிக்கொண்டிருந்தேன். அவர்களுடைய பாடகர் மிக் ஜாகருக்கு 79 நிறைய ஒரு மாதம் இருந்தது. 2019ல் இதய வால்வு சிகிச்சை, அதோடு கொரோனா வந்து ஆம்ஸ்டர்டாம் கச்சேரியை ரத்து செய்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஆனால் அவர் ஓடினார். எனக்குப் பின்னால் அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிய நான் திரும்ப வேண்டியதே இல்லை, கூட்டத்தின் தலைகள் இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று திரும்பிக்கொண்டே இருந்தன. நடுவில் கிட்டார் வாசிக்கும் கீத் ரிச்சர்ட்ஸ் பாடும் பாட்டுகள் வரும், அந்த நேரம்தான் ஜாகருக்கு மூச்சு வாங்கக் கிடைக்கும் இடைவெளி. முந்தைய ஆகஸ்டில் இறந்துபோன அவர்களுடைய டிரம்மர் சார்லி வாட்ஸின் படங்களைத் திரையில் காட்டித்தான் ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் வயது என்ற பேச்சே அங்கே இல்லை. பிரமிப்பாக இருந்தது, உண்மைதான், ஆனால் மனதில் தங்கவில்லை. இளைஞர்கள் நிறைய பேர் துள்ளிக்கொண்டிருந்தார்கள், நான் அவர்களில் யாரும் தடுப்பில் நசுங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனை 2024 நவம்பரில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கேட்டேன். வயது 83. அங்கே வேலை வாசலிலேயே ஆரம்பித்துவிடும், ஏனென்றால் அவருடைய கச்சேரியில் போன் கூடாது, ஒவ்வொருவருடைய போனையும் பூட்டுப் போட்ட சின்னப் பைக்குள் வைத்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். நிறைய பேர் தயங்கினார்கள், ஒரு அம்மா வீட்டில் கணவர் தனியாக இருக்கிறார், அழைப்பு வந்தால் என்ன செய்வது என்று கேட்டார், வெளியே வந்தால் திறந்து தருவார்கள் என்று சொல்லி அனுப்பினேன். உள்ளே பெரிய திரை கிடையாது. மங்கலான வெளிச்சத்தில் பியானோவுக்குப் பின்னால் உட்கார்ந்து பாடுகிறார், கூட்டத்தோடு பேச்சு என்று அநேகமாக எதுவும் இல்லை. அன்று பாடியதில் பாதிக்கு மேல் 2020ல் வந்த ஆல்பத்தின் பாட்டுகள். மிச்சமிருந்த பழைய பாட்டுகளையும் மெட்டு மாற்றி, தாளம் மாற்றிப் பாடியதால் பாட்டின் பாதிவரை பலருக்கு அடையாளமே தெரியவில்லை. ஒரு முகத்தில் புருவம் சுருங்கும், பக்கத்திலிருப்பவரிடம் ஏதோ கேட்பார், அவரும் உதட்டைப் பிதுக்குவார், அப்புறம் ஒரு வரி பிடிபட்டதும் இரண்டு பேர் முகமும் விளக்குப் போட்ட மாதிரி மாறும். இந்த மாற்றத்தை அன்று எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. சிலர் கோபத்தோடு எழுந்து போனார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அது ராகத்தைச் சொல்லாமல் ஆலாபனை ஆரம்பிக்கும் வித்வான் மாதிரி இருந்தது. இதே ஹாலில் 1966ல் பாடியவர். அந்தக் குரல் இப்போது இல்லை, அதை யாரையும் வைத்து நிரப்பவும் இல்லை, இருக்கிற குரலுக்குத் தகுந்தபடி பாட்டையே மாற்றிவிட்டார். யாரும் தாங்க வேண்டாம் என்று உட்கார்ந்திருந்த ஒரே ஆள் அவர்தான். நான் கேட்டதிலேயே தைரியமான கச்சேரி அது என்று இன்றைக்கும் சொல்வேன்.

அடுத்த மாதமே, டிசம்பர் 19, ஓ2வில் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி. 82 வயதில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பாடினார், இடையில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை என்பது அவருடைய பழக்கம். 1972ல் திருடு போய் ஐம்பது வருடத்துக்கு மேல் காணாமலிருந்த தன்னுடைய ஹாஃப்னர் பேஸ் கிட்டாரைத் திரும்பக் கிடைத்த பிறகு முதல் தடவையாக மேடையில் வாசித்தது அன்றுதான். பிறகு பீட்டில்ஸின் டிரம்மர், 84 வயது ரிங்கோ ஸ்டாரும் வந்து டிரம்ஸில் உட்கார்ந்தார். இவ்வளவும் செய்தித்தாளில் வந்தது. வராத ஒன்று, அவருடைய குரல் மேலே போகும்போது விரிசல் விடும். ஒவ்வொரு முறை விரிசல் விடும்போதும் என் முன்னால் இருந்த வரிசைகள் கொஞ்சம் சத்தமாகப் பாடின. திட்டம் போட்டுச் செய்ததில்லை, அவர்களுக்கே தெரிந்ததா என்றும் சொல்ல முடியாது. பின்பாட்டு என்றால் அதுதான் பின்பாட்டு, அரங்கம் முழுக்க சிஷ்யர்கள்.

கடைசிப் பகுதியில், எப்போதோ இறந்துபோன பீட்டில்ஸ் தோழர் ஜான் லெனன் குரல் வந்தது. 1969ல் பீட்டில்ஸ் மொட்டை மாடியில் பாடிய காட்சியிலிருந்து அவர் குரலை மட்டும் தொழில்நுட்பத்தால் தனியாகப் பிரித்து எடுத்திருக்கிறார்கள், திரையில் அவர் பாட இவர் மேடையில் சேர்ந்து பாடுவார். எனக்கு இது முன்பே தெரியும். ஆனால் என் முன்னால் நின்றுகொண்டிருந்த முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே நிமிர்ந்தபோது, மூன்று வருடத்தில் முதல் தடவையாக விதியை மீறி நானும் திரும்பிவிட்டேன். திரையில் லெனன், அவருக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. கீழே மெக்கார்ட்னி எங்களைப் பார்த்து நிற்கவில்லை. கிட்டாரோடு முதுகை எங்களுக்குக் காட்டி, தலையை நிமிர்த்தித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.