பிச்சிர் இருக்கும் தொட்டியில் வேறு என்ன மீன் விடலாம்?

என்னுடைய நாலடித் தொட்டியில் இரண்டு செனகல் பிச்சிர்கள் இருக்கின்றன. வவுனியாவில் வாங்கும்போது விரல் நீளம்தான். இப்போது பெரியது எட்டு அங்குலத்தைத் தாண்டிவிட்டது; இன்னும் வளரும், ஓரடி வரை போகும். "சாதுவான மீன் தம்பி, எதோடயும் விடலாம்" என்றார் கடைக்காரர். பாதி உண்மை. பிச்சிர் மற்ற மீன்களைத் துரத்தித் திரிவதில்லை. வாய்க்குள் போகக்கூடிய எதையும் விழுங்கிவிடும், அவ்வளவுதான். ஆபிரிக்க நீர்நிலைகளின் அடியில், இரவில் மோப்பம் பிடித்து இரை தேடும் மீன் அது. கண் பார்வை மந்தம். அதனால் பகலில் தொட்டியைப் பார்த்துவிட்டு எல்லாம் ஒத்துப்போகிறது என்று நினைப்பதில் பயனில்லை.

முதலில் பெரிய டேனியோ விட்டுப் பார்த்தேன். நாலு அங்குலம் வளரும், நல்ல ஓட்டம். பகலில் பிச்சிரால் அதன் வாலைக்கூடத் தொட முடியவில்லை. விளக்கை அணைத்ததும் டேனியோ ஓய்ந்துபோய்க் கீழே இறங்கி நிற்கும். காலையில் எண்ணிக்கை குறைந்திருக்கும். அதற்கப்புறம் மீனின் நீளத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். முதுகிலிருந்து வயிறு வரை எவ்வளவு உயரம் என்றுதான் பார்க்கிறேன். ஒல்லியான மீன் ஐந்து அங்குலம் இருந்தாலும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். மூன்று அங்குலச் சில்வர் டொலர் தட்டுப் போல அகன்றிருப்பதால் வாயில் அடங்காது. சில்வர் டொலரைக் கூட்டமாக விட்டேன், நடுத்தண்ணீரிலேயே நிற்கின்றன, ஒன்றும் குறையவில்லை. தொட்டியில் செடி வைத்திருப்பவர்கள் மட்டும் யோசிக்கவும். ஓர் இலையும் மிஞ்சாது.

குளத்து மீன்களையும் யோசித்தேன். முரசுமோட்டையில் இருந்துகொண்டு யோசிக்காமல் இருக்க முடியுமா? இரணைமடுக் குளத்து வாய்க்காலில் தண்ணி திறந்தால் பக்கத்து வீட்டுப் பொடியள் போத்தலில் ஏதாவது பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். கெளிறு வேண்டாம். அதன் முள் விறைத்து நிற்கும். பிச்சிர் விழுங்கப் பார்த்தால் தொண்டையில் சிக்கி இரண்டும் சாகும். சுங்கான் வெப்பத்தைத் தாங்கும், மேலே வந்து காற்றும் எடுக்கும், பொருத்தம் போலத்தான் தெரிந்தது. ஆனால் அதுவும் அடியில் கிடந்து இரவில் இரை தேடுகிற மீன். ஒரே இடத்துக்கும் ஒரே சாப்பாட்டுக்கும் போட்டி வரும். தொட்டிக்குள் கைவிட்டுத் துப்புரவாக்குகிறவனும் நான்தான். சுங்கானின் விஷமுள் குத்தினால் என்ன பாடு என்று வயலில் இறங்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். திலாப்பியா வளர வளர இடம் பிடித்து விரட்டும், அதுவும் சரிவராது.

கண்ணாடிப் பாசிக்கென்று எல்லோரும் வாங்கும் டேங்க் கிளீனர் மீனையும் நான் சேர்க்கவில்லை. பிச்சிர் அசையாமல் கிடக்கும் நேரத்தில் அதன் மேல் ஒட்டிக்கொண்டு உடம்புச் சளியை உறிஞ்சும் பழக்கம் அதற்கு உண்டு. செதில் எவ்வளவு கடினமாக இருந்தாலும் புண் வந்துவிடும். வைத்திருப்பவர்கள், பெருத்துவிட்டது என்று குளத்தில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் இலங்கை நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவியிருக்கிறது.

வாயளவுக்கு அடுத்ததாக நான் பார்ப்பது மூச்சு. வன்னிக்கு இது முக்கியம். 25 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் தண்ணீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கும். 32 பாகைக்கு ஏறினால் 7 சொச்சம்தான். சித்திரை வெயிலில் கரண்டும் போனால் காற்றுப் பம்பும் நின்றுவிடும். 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். பிச்சிருக்கு நுரையீரல் இருக்கிறது, மேலே வந்து காற்றை எடுத்துக்கொண்டு இறங்கிவிடும். சில்வர் டொலருக்கு அந்த வசதி இல்லை, அதற்காகவே பற்றரியில் ஓடும் பம்பு ஒன்று வாங்க வேண்டியிருந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது குரமி. அதுவும் காற்றைச் சுவாசிக்கும், மேல்தட்டில் நிற்கும். முழுதாய் வளர்ந்த நீலக் குரமியாகப் பார்த்து வாங்குங்கள், குஞ்சு வேண்டாம். தொட்டியை மூடியே வைக்க வேண்டும், பிச்சிர் சின்ன இடுக்கு கிடைத்தாலும் வெளியேறிவிடும். ஆனால் மூடிக்கும் தண்ணீருக்கும் இடையில் காற்றிடம் விடாவிட்டால் அதற்கு மேலே வந்து காற்றெடுக்க முடியாது.

சாப்பாடு தனிப் பிரச்சினை. மேலே நிற்பவை எல்லாவற்றையும் பறித்துவிடும். அவற்றுக்கு முதலில் குளிகைத் தீனி போட்டு, விளக்கை அணைத்துச் சற்றுப் பொறுத்து, ஒரு பிவிசி குழாய் வழியாக இறால் துண்டுகளை நேரே அடிக்கு இறக்குகிறேன். முல்லைத்தீவு இறால் வந்தால் வீட்டுக் கறியில் பிச்சிருக்கும் ஒரு பங்கு. வயிறு நிறைந்த பிச்சிர் மற்ற மீன் பக்கம் அதிகம் போவதில்லை, ஆனாலும் அதை நம்பிச் சின்ன மீன் விட மாட்டேன்.

இப்போது சில்வர் டொலர் கூட்டமும் சில நீலக் குரமிகளும் இருக்கின்றன. குரமிகளில் ஒன்று மற்றவற்றைப் போல வளரவில்லை. பெரிய பிச்சிர் பத்து அங்குலத்தைத் தொடுவதற்குள் அதைப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்ற வேண்டும்.