மைசூர்பாகில் கூடு விழுந்துவிட்டது, அடிப்பக்கம்தான் பாக்கி

ஐந்தாவது ஈட்டில் தேன்கூடு மாதிரித் துளைக் கூடு விழுந்தது. குறுக்கே வெட்டினால் நடுவில் விரலகலத்துக்குச் செம்பழுப்பு, அதற்கு மேலும் கீழும் வெளிர் மஞ்சள், மேலிருந்து முக்கால் பாகம் வரை துளை துளையாகப் பொறை. சிங்கப்பூர்த் தேக்காவில் வாங்கிய வில்லை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறத்தில் வித்தியாசம் தெரியவில்லை. வாசனையில் வீட்டுப் பாகு பல படி மேலே.

இது பழைய கெட்டி மைசூர்பாகு பற்றிய குறிப்பு. வாயில் கரையும் நெய் மைசூர்பா வேறு சரக்கு. அதற்கு மாவை உருக்கிய நெய்யில் கரைத்து, பாகில் விட்டு, பொங்க விடாமல் இறக்கிவிடலாம். நல்ல நெய் இருந்தால் இரண்டாவது முறையிலேயே கடைப் பக்குவம் வந்துவிடும். பொறை விழும் வகைதான் வீட்டு அடுப்பில் அடங்க மறுக்கிறது.

அளவு: கடலை மாவு 150 கிராம், சீனி 300 கிராம், தண்ணீர் 180 மில்லி, நெய் 375 கிராம். ஒரு கம்பிப் பதம் நிற்கும்போது வெப்பமானி 106, 107 டிகிரி காட்டியது. மூன்றாவது ஈட்டில் 112 வரை விட்டதில் கத்தி வைத்ததும் மணலாக உதிர்ந்தது. முதல் ஈட்டில் 104லேயே மாவைத் தூவியதால் கடைசிவரை அல்வா மாதிரி இழுத்தது. பாகுக்கு இவ்வளவு போதும், மற்றதெல்லாம் எல்லோருக்கும் கைவந்ததுதான்.

என்னை நான்கு ஈடு அலைக்கழித்தது தட்டு. வாணலியிலிருந்து கொட்டும்போது கலவையின் சூடு 100 டிகிரிக்கு நன்றாகவே மேலே இருக்கிறது. தட்டில் விழுந்த பிறகும் உள்ளே மிச்சமிருக்கும் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆவி வெளியேறிய வழிதான் பொறை. அதே சூட்டில்தான் நடுப்பகுதி தொடர்ந்து சிவக்கிறது. கடையில் ஒரே வாணலியில் கிலோக் கணக்கில் கிண்டி ஆழமான தட்டில் கொட்டுகிறார்கள். அந்தப் பருமனே சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டில் 150 கிராம் மாவில் செய்ததை 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் பரப்பினால் உயரம் இரண்டு சென்டிமீட்டர்தான் வரும். சில நிமிடங்களில் ஆறி, முழுக்க ஒரே மஞ்சளாக, பொறையே இல்லாமல் இறுகிவிடும். முதல் நான்கு ஈட்டிலும் மற்றக் கோளாறுகளோடு இதுவும் சேர்ந்துகொண்டது. நான் குறையை மாவிலும் நெய்யிலும் தேடிக்கொண்டிருந்தேன்.

இந்த முறை ரொட்டி சுடும் நீள அச்சு, 20க்கு 10 சென்டிமீட்டர். அதே அளவு கலவை நாலரை சென்டிமீட்டர் உயரத்துக்கு நின்றது. அச்சை 100 டிகிரி 'அவன்' அடுப்பில் பத்து நிமிடம் வைத்து, கொட்டுவதற்குச் சற்று முன்தான் வெளியே எடுத்தேன். கொட்டியதும் இரண்டாக மடித்த துணியால் சுற்றிலும் போர்த்தினேன், மேல்பக்கம் திறந்தே இருக்க வேண்டும். மூடினால் ஆவி நீராகித் திரும்பச் சொட்டும். கரண்டியால் மேலே தடவிச் சமப்படுத்தவும் கூடாது. ஒரு தடவு போதும், பொறை நசுங்கிவிடும். அச்சை இரண்டு முறை லேசாக ஆட்டினால் தானே மட்டமாகும்.

அடுத்தது நெய்யின் சூடு. பக்கத்து அடுப்பில் சிறு தீயில் 160க்கும் 170க்கும் இடையில் நிறுத்தினேன். ஒவ்வொரு கரண்டி விழும்போதும் 'சொர்'ரென்று சத்தம் வந்து கலவை நுரைக்க வேண்டும். சத்தம் அடங்கி மாவு நெய்யைக் குடித்த பிறகே அடுத்த கரண்டி. 130க்குக் கீழே இறங்கினால் மாவு சத்தமில்லாமல் நெய்யைக் குடித்துவிட்டுக் களியாக நிற்கும். 190ஐத் தாண்டினால் வாணலியிலேயே கருகல் வாசனை எழுகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அடுப்பில் இரண்டு எரிவாயும் அருகருகே இருப்பதால் வாணலியின் காது நெய்ச் சட்டியில் இடிக்கும். நெய்ச் சட்டியைப் பின்னுக்குத் தள்ளிவைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கடைசிக் கரண்டிக்குப் பிறகு வரும் நாற்பது வினாடிகள்தான் எல்லாம். கலவை ஒரேயடியாகப் பொங்கும், மஞ்சள் வெளிறும், ஓரத்தில் நெய் கக்கத் தொடங்கும், கரண்டி சட்டென்று லேசாகிவிடும். லேசான அந்தக் கணமே கொட்ட வேண்டும். நான்காவது ஈட்டில் இன்னும் நாலு சுற்றுக் கிண்டியதில் வாணலியிலேயே இறுகத் தொடங்கிவிட்டது. வில்லை போடுவது பத்தாவது நிமிடம். பதினைந்துக்கு மேல் போனால் கத்தி ஓரங்களை உடைக்கும்.

இனி ஒப்பீடு. வீட்டு வில்லை, தேக்காவில் சில்லறையாக வாங்கிய கெட்டிப் பாகு, இரண்டையும் 31 டிகிரி அறையில் ஒரு மணி நேரம் மெல்லிய காகிதத்தின் மேல் வைத்தேன். வீட்டு வில்லையைச் சுற்றி நெய் வட்டம் பெரிதாகப் படர்ந்தது, தொட்டால் விரல் மினுங்கும். கடைக் கெட்டிப் பாகு காய்ந்தே இருந்தது. காரணம் கொழுப்பு. பசுநெய் நம் ஊர் வெயிலிலேயே பாதி உருகி நிற்கும். பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் கெட்டிக் கொழுப்பு அவ்வளவு சீக்கிரம் இளகாது, சாப்பிட்ட பிறகு மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். பெட்டிச் சரக்கு வாங்கும்போது பொருள் பட்டியலைப் பாருங்கள், இங்கே எடையில் அதிகமானது முதலில் வரும்படிதான் எழுத வேண்டும். நெய்க்கு முன்னால் தாவரக் கொழுப்பு இருந்தால் விஷயம் புரிந்துவிடும். பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்க்கு 2021 ஜூன் 1 முதல் சிங்கப்பூரில் தடை இருப்பதால் பழைய வகை வனஸ்பதி இப்போது கிடையாது. ஆனாலும் வாயில் ஒட்டும் குணம் போகவில்லை.

கடையை மிஞ்ச முடியாத இடம் ஒன்று உண்டு: வெட்டு. நான்கு பக்கமும் நூல் பிடித்தாற்போல் வருகிறது அவர்களுக்கு.

மாவைப் பற்றி ஒரு வார்த்தை. முஸ்தஃபா கடையில் கடலை மாவு பல பெயர்களில் அடுக்கியிருக்கும். பட்டாணி மாவு கலந்ததை ஒதுக்குங்கள், பச்சை வாசனை போகவே போகாது. பொதி செய்த தேதி புதிதாக இருக்கட்டும், பழைய மாவு நெய்யில் கசப்பு விடும். இரண்டு முறை சலித்தாக வேண்டும். நெய்க்குச் சிவப்பு மஞ்சள் டின்னில் வரும் நெய்யையும் இந்திய நெய்யையும் பாதிப் பாதி கலந்தேன், மணம் நன்றாகவே வந்தது.

ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் ஊர் இது. முழுக்க ஆறாமல் டப்பாவில் போட்டால் மூடியில் வியர்த்து மறுநாளே பிசுபிசுக்கும். மூன்று மணி நேரம் ஆறவைத்து அடைத்தது ஐந்தாம் நாளும் மொறுமொறுப்பாக இருக்கிறது.

தீபாவளிக்கு முன் சீனியில் கால் பங்கைக் குலா மலாக்கா எனும் தென்னஞ்சர்க்கரையாக மாற்றிப் பார்க்க ஆசை. அதில் ஈரமும் எளிதில் படிகமாகாத சர்க்கரையும் இருப்பதால் இறுகுவது சந்தேகம்தான். பாகை 109 வரை கொண்டுபோக வேண்டியிருக்கலாம்.

அதற்கு முன் அடிப்பக்கம். கீழே ஒரு சென்டிமீட்டர் இன்னும் அடைந்தே கிடக்கிறது. மேலிருந்து வடியும் நெய் தங்கிப் பொறையை நிரப்பிவிடுகிறது. ஐந்தாவது நிமிடத்தில் அச்சைச் சாய்த்ததில் 60 கிராம் நெய் வந்தது. அடுத்த ஈட்டில் கொட்டிய உடனேயே ஒரு பக்கம் கரண்டிக்காம்பு கொடுத்துச் சாய்த்து வைக்கப்போகிறேன். நெய்யையும் 330 கிராமுக்குக் குறைக்கிறேன்.