கொய்யா இலையில் வளர்ந்த அட்லஸ்

கூடலூரில் மழை பிடித்துவிட்டால் வாசல் விளக்கைச் சுற்றி அந்துப்பூச்சிகள் மொய்க்கும். அப்படி வந்த பெண் அட்லஸ் அந்துப்பூச்சி ஒன்று சுவரிலேயே முட்டைகளை ஒட்டிவிட்டுப் போயிருந்தது. தென்னிந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்த அட்டகஸ் டாப்ரோபேனிஸ் என்ற இனம் அது. சுவரில் பொரிக்கும் புழுவுக்கு இலை ஏது? பல்லிக்குத்தான் விருந்து. தடித்த தாளால் மெல்லச் சுரண்டி, டப்பாவில் எடுத்து வைத்தேன்.

குஞ்சுப் புழுக்களுக்கு முன்னால் பட்டை மரத்து இலை, கொய்யா, சீத்தா மூன்றையும் வைத்தேன். கொய்யாவைக் கடித்தன. கடித்த இலை வகையை நடுவில் மாற்றாமல் இருப்பதே நல்லது. கொல்லையில் மருந்து படாத கொய்யா மரம் நின்றது என் அதிர்ஷ்டம். தேயிலைத் தோட்டத்து ஓரமாக நிற்கும் மரத்தில் ஒரு கிளைகூட ஒடிக்க மாட்டேன். தெளித்த மருந்து காற்றில் எங்கே போய்ப் படியும் என்று யார் கண்டது?

கிளைகளைத் தண்ணீர்ப் பாட்டிலில் செருகி, கழுத்தைப் பஞ்சால் இறுக அடைக்க வேண்டும். சந்து கிடைத்தால் புழு உள்ளே இறங்கி மூழ்கிவிடும். மேலே கொசுவலை, மேசைக் கால்களுக்கு அடியில் எறும்புக்காகத் தண்ணீர்க் கிண்ணம். மற்றபடி வேலை என்றால் இலை பறிப்பதும் புழுக்கை வாருவதும்தான். அதிலும் இரண்டாவதை அலட்சியம் செய்யவே கூடாது. ஈரக் காற்றில் புழுக்கை தேங்கினால் பூஞ்சணம் வரும், பின்னாலேயே நோய் வரும்.

தோலுரிக்கும் நேரத்தில் புழு தலையைத் தூக்கி அசையாமல் இருக்கும். செத்துவிட்டதென்று பதறிப் பிடித்து இழுத்தால் கால் பிய்ந்துவிடும். உரித்து முடித்ததும் பழைய தோலைத் தானே தின்னும். வளர்ந்தவை வெளிர்பச்சை, உடல் முழுக்கச் சதைமுட்கள், அவற்றின் மேல் கோலமாவு தூவியதுபோல் வெண்பொடி. விரலால் தொட்டால் பொடி ஒட்டிக்கொண்டு வரும். இராத்திரியில் இலை கடிக்கும் நறநறப்பு பக்கத்து அறைவரை கேட்டது. வீட்டில் இதைப் பற்றி இரண்டு கருத்துகள் இருந்தன, என்னுடையது சிறுபான்மை.

இலையை வளைத்து, காம்பையும் குச்சியோடு சேர்த்து நூலால் சுற்றிக் கூடு கட்டின. பூச்சி வெளிவந்ததும் தொங்குவதற்குச் சொரசொரப்பான பிடிமானமும் கீழே தாராளமான இடமும் வேண்டும். இல்லையென்றால் இறக்கை சுருண்டபடியே காய்ந்துவிடும். விரிந்து முடிய நேரமாகும். அதுவரை கை வைக்காமலிருப்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. வளர்ந்த பூச்சியால் எதையும் உண்ண முடியாது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்புதான் அதன் முழு ஆயுளுக்கும் முதல். அதனால் இறக்கை காய்ந்த அன்று மாலையே வலையைத் திறந்துவிட்டேன்.

எல்லாக் கூடுகளும் ஒரே சமயத்தில் திறக்காது. வறண்ட மாதங்களைக் கூட்டுக்குள்ளேயே கழித்துவிட்டு அடுத்த மழைக்கு வருவதும் உண்டு. கையில் எடுத்தால் கனமாக இருப்பதைத் தூக்கி எறியாதீர்கள். அவ்வப்போது தண்ணீர் தெளித்து வைத்திருங்கள். காற்றாய் லேசாகிவிட்டதை மட்டும் அப்புறப்படுத்தலாம்.