கிளப் எப்போது பிறந்தது: தேடல் நாட்குறிப்பு

ஜூன் 3

ஒரு கால்பந்துக் கிளப்பின் சின்னத்தில் பொறித்திருக்கும் ஆண்டை நம்பி வேலையைத் தொடங்கக் கூடாது. அது சரிபார்க்க வேண்டிய முதல் தகவல், அவ்வளவுதான். இங்கிலாந்தின் ஸ்டோக் சிட்டி தன் தொடக்கம் 1863 என்றே சொல்லிவந்தது. அணி ஆடியதற்குக் கிடைக்கும் முதல் அச்சுச் சான்றோ 1868-ஐச் சேர்ந்தது.

ஒரே கிளப்புக்குப் பல பிறந்தநாள் உண்டு என்பதுதான் குழப்பத்தின் வேர். கூடிப் பேசி முடிவெடுத்த நாள், முதல் ஆட்டம், இன்றைய பெயரைச் சூட்டிய நாள், கால்பந்துச் சங்கத்தில் சேர்ந்த நாள் என எல்லாமே வேறு வேறு. எவர்டன் 1878-இல் ஒரு தேவாலய அணியாகத் தொடங்கி, 1879-இல்தான் இந்தப் பெயரை வைத்துக்கொண்டது. மான்செஸ்டர் யுனைடெட் 1878-இல் நியூட்டன் ஹீத் ரயில்வே தொழிலாளர் அணி. இன்றைய பெயர் 1902-இல் வந்தது. ஷெஃபீல்டு வெட்னஸ்டே 1820-இல் கிரிக்கெட் கிளப், கால்பந்து 1867-இல்தான். இவற்றை ஒரே கட்டத்தில் அடைத்தால் பிறகு பிரிக்கவே முடியாது. ஆகவே எக்செல் தாளில் ஒவ்வொன்றுக்கும் தனி நெடுவரிசை.

ஜூன் 5

தாளின் அமைப்பு: ஆட்டம் நடந்த தேதி, பத்திரிகைத் தேதி, பத்திரிகைப் பெயர், பக்கம், பத்தி, அச்சில் உள்ளபடியே அணியின் பெயர், எதிரணி, மைதானம், ஸ்கோர், ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர், செயலாளர் பெயர். அச்சில் இருக்கும் எழுத்துப்பிழையைத் திருத்தவே கூடாது. அந்தப் பிழையே அடுத்த தேடலுக்குச் சாவி.

ஆட்டத் தேதியும் பத்திரிகைத் தேதியும் தனித்தனியாக இருப்பது முக்கியம். வாரப் பத்திரிகை ‘சென்ற சனிக்கிழமை’ என்றுதான் எழுதும். வெள்ளியன்று வந்த இதழ் என்றால் ஆறு நாள் பின்னே போக வேண்டும். சனியன்று வந்தது என்றால் ஏழு நாள். கிழமையை நாட்காட்டியில் சரிபார்த்த பிறகே எழுதுவது நல்லது. ஆட்டம் வாரத்தின் நடுவில் விழுந்தால் அதுவும் ஒரு துப்பு: கடைப் பணியாளர்களுக்கு அரைநாள் விடுப்பு பெரும்பாலும் அப்போதுதான் கிடைத்தது. வெட்னஸ்டே என்ற பெயரே அந்தப் புதன்கிழமை விடுப்பிலிருந்து வந்ததுதான்.

ஜூன் 9

மின்னாக்கம் செய்த பழைய செய்தித்தாள்களில் கிளப்பின் பெயரை மட்டும் தட்டித் தேடினால் பாதிக்கு மேல் நழுவிப்போகும். ஸ்கேனிலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள் தேய்ந்த அச்சில் தடுமாறுகிறது. ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ‘ஆர்’, ‘என்’ ஒட்டி நின்றால் ‘எம்’ என்று படிக்கும்; ‘ஹெச்’ ‘பி’ ஆகும்; ‘சி’ ‘இ’ ஆகும். கால்பந்து என்ற சொல்லையே நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து அச்சிட்ட காலம் அது. அதனால் எதிரணியின் பெயர், மைதானத்தின் பெயர், செயலாளரின் குடும்பப்பெயர், பக்கத்திலிருந்த மதுக்கடையின் பெயர் (அணிகள் உடை மாற்றியது பல இடங்களில் அங்கேதான்) என்று பக்கவாட்டில் நுழைய வேண்டும்.

உள்ளூர்ப் பத்திரிகையே காப்பகத்தில் இல்லை என்றால் கைவிட்டுவிடத் தேவையில்லை. 1940 அக்டோபரில் லண்டன் காலிண்டேல் செய்தித்தாள் நூலகத்தின் மேல் குண்டு விழுந்து, 19-ஆம் நூற்றாண்டு மாவட்டப் பத்திரிகைகளில் சுமார் 6,000 தொகுதிகள் அழிந்தன. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு ஊர் உண்டு. எதிரணி ஊரின் பத்திரிகையைப் புரட்டினால் அதே ஆட்டம் அங்கே இருக்கும், சில சமயம் இன்னும் விரிவாகவே.

ஜூன் 10

ஆண்டுப் பொதுக்கூட்டச் செய்தி கிடைத்தால் அது பொக்கிஷம். ‘மூன்றாவது ஆண்டுக் கூட்டம்’ என்ற ஒரே சொற்றொடர் தொடக்கத்தைக் கணக்கிட்டுத் தந்துவிடும். முதல் கூட்டத்தைத் தொடக்க நாளில் வைத்து எண்ணினார்களா, ஓராண்டு முடிந்த பிறகு எண்ணினார்களா என்பதைப் பொறுத்து ஒரு வருடம் முன்பின் ஆகும். அடுத்தடுத்த ஆண்டுகளின் கூட்டச் செய்திகளையும் எடுத்து எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஜூன் 14

ஸ்கோர் விசித்திரமாக இருந்தால் ஆட்டமே வேறு. ‘ஒரு கோல், இரண்டு ட்ரை’ (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் தரையில் வைப்பது) என்றால் அது ரக்பி விதி. 1860-களின் ஷெஃபீல்டு ஆட்டங்களில் கோலுக்குக் கீழ்ப்படியாக ‘ரூஜ்’ என்று ஒன்று உண்டு. லண்டனில் கால்பந்துச் சங்கம் 1863-இலேயே விதி வகுத்தாலும், ஷெஃபீல்டு தன் சொந்த விதியை 1877 வரை விடவில்லை. பக்கத்துக்கு 12 பேர், 14 பேர் என்று வந்தாலும் அச்சுப்பிழை என்று தள்ளக் கூடாது. இரு செயலாளர்கள் ஒத்துக்கொண்டால் போதும் என்றிருந்த காலம்.

ஜூன் 17

புகைப்படங்கள். பின்னால் பென்சிலில் எழுதியிருக்கும் ஆண்டு பல நேரம் பிற்காலத்தில் யாரோ ஊகித்தது. படத்துக்குள் இருப்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

கோல் கம்பத்தில் வலை இருந்தால் 1891-க்கு முன் இருக்க முடியாது. பெனால்டி கிக்கும் அதே 1891-இல் வந்தது. ஆனால் இன்றைய செவ்வகப் பெனால்டி பகுதி 1902-இல்தான். அதன் முன்னே இருக்கும் வளைவு 1937. கோல்கீப்பர் மற்றவர்களைப் போலவே அதே சட்டை அணிந்து நின்றால் பெரும்பாலும் 1909-க்கு முந்தைய படம். தனி நிறச் சட்டை விதி அந்த ஆண்டில் வந்தது. முதுகில் எண் தெரிந்தால் 1939-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ என்று கொள்ளலாம். அந்த ஆண்டில்தான் இங்கிலாந்து லீக் எண்ணைக் கட்டாயமாக்கியது. இவற்றில் பெரும்பாலானவை ‘இதற்கு முன் இல்லை’ என்று சொல்ல உதவும். ‘இதற்குப் பின் இல்லை’ என்று சொல்ல அவ்வளவாக உதவாது. சிறிய கிளப்புகள் வலை வாங்கப் பணமில்லாமல் ஆண்டுக்கணக்கில் வெறும் கம்பத்தோடு ஆடியிருக்கின்றன.

நடுவில் உட்கார்ந்திருப்பவர் மடியில் பந்து இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்ப்பது அவசியம். சுண்ணாம்பிலோ பெயின்ட்டிலோ ஆட்டப்பருவத்தை அதன்மேல் எழுதுவது வழக்கம்.

கண்ணாடி நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருந்தால் இடதும் வலதும் மாறிவிடும். கோட் போட்ட நிர்வாகியைப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஆண்கள் கோட்டில் மார்புப் பை அவருடைய இடப்பக்கம் இருக்கும், இடப்பக்க மடிப்பு மேலே வரும். மாறியிருந்தால் படமே இடவலமாகத் திரும்பியது. அதை வைத்துப் பெயர்களை வரிசைப்படுத்தினால் அத்தனை பேரும் இடம் மாறிப்போவார்கள்.

ஜூன் 21

ஆட்டச் செய்தியில் குடும்பப்பெயர் மட்டும்தான் இருக்கும், மிஞ்சிப்போனால் ஒரு முதலெழுத்து. பிரிட்டனில் 1881, 1891, 1901, 1911, 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயது, தெரு, தொழில் மூன்றையும் ஒப்பிட்டால் ஆள் பிடிபடுவார். 1931-இன் இங்கிலாந்து, வேல்ஸ் ஏடுகள் 1942 தீவிபத்தில் போயின. 1941-இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. இடைவெளிக்கு 1939 பதிவேடு (போர் தொடங்கியதும் எடுத்த மக்கள் பட்டியல்) கைகொடுக்கும். ஒரே தெருவிலிருந்து, ஒரே ஆலையிலிருந்து நான்கைந்து பேர் கிடைத்துவிட்டால் அணியை யார் திரட்டினார்கள் என்பதும் தெரிய ஆரம்பிக்கும். பெயர் பொருந்துகிறது என்பதற்காக மட்டும் ஒருவரை ஏற்றக் கூடாது. குறைந்தது இன்னொரு சான்றாவது வேண்டும்.

ஜூன் 24

1919, 1946 என்ற தொடக்க ஆண்டுகள் வந்தால் உடனே பின்னால் தோண்ட வேண்டும். போர் முடிந்து மீண்டும் கூடியதைப் புதிதாகத் தொடங்கியதாகப் பின்னாளில் எழுதிவிடுவது சகஜம். அதே மைதானம், அதே செயலாளர், அதே சட்டை நிறம்: இவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் தொடர்ச்சி என்று எழுதலாம்.

பெண்கள் அணியை விளையாட்டுப் பக்கத்தில் மட்டும் தேடினால் பலன் குறைவு. நிதி திரட்டும் ஆட்டங்களாக நடந்ததால் மருத்துவமனை நன்கொடைச் செய்திகளிலும், ஆலைச் செய்திகளிலும் ஒளிந்திருக்கும். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் குடிசன் பார்க்கில் டிக் கெர் ஆலைப் பெண்கள் அணியின் ஆட்டத்துக்கு 53,000 பேர் வந்தார்கள். 1921 டிசம்பர் 5-இல் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது. அதன் பிறகு பெயர் காணாமல் போனால் அணி கலைந்துவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. பொதுப் பூங்கா, ரக்பி மைதானம், ஆலை மைதானம் ஆகியவற்றின் பெயரைப் போட்டு 1922-லிருந்து மறுபடி தேட வேண்டும்.